கவுண்டரில் குரல் உயரும்போது: அரச அலுவலக ஊழியர் பாதுகாப்பு, ஓர் எளிய அறிமுகம்

காலை எட்டரைக்குத் திருகோணமலைக் கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், கதவு திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெருகலில் இருந்து விடியமுன் பஸ் ஏறிய ஒருவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கிறார். பதினொன்றரைக்கு அவருடைய முறை வருகிறது. “கிராம உத்தியோகத்தரின் ஒப்பம் இல்லையே ஐயா, எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வாங்கோ” என்கிறார் கவுண்டரில் இருக்கும் உத்தியோகத்தர். சொன்னது விதிப்படி சரி. சொன்ன விதத்திலும் குறையில்லை. அப்படியிருந்தும் மேசையில் அடி விழுகிறது, கெட்ட வார்த்தை வருகிறது, பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

இந்தச் சண்டையைப் பதினொன்றரைக்கு நிறுத்துவது கடினம். எட்டே முக்காலுக்கு யாராவது ஒருவர் வரிசையில் நின்றவர்களின் கடிதங்களைப் புரட்டிப் பார்த்திருந்தால், வெருகலில் இருந்து வந்தவர் ஒன்பது மணிக்கே திரும்பிப் போயிருப்பார். மனம் நொந்துதான் போயிருப்பார், ஆனால் கைநீட்டும் அளவுக்கு ஆத்திரம் சேர்ந்திருக்காது. எங்கள் அலுவலகங்களில் பாதுகாப்பு என்பது கவுண்டரில் இருக்கும் பிள்ளையின் பொறுமையில் தங்கியிருக்கிறது. அது நியாயமில்லை. முரண்பாடு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதனால் பிறக்கிறது என்று பார்த்து, அது பிறக்கும் இடத்திலேயே வேலையை மாற்றுவதுதான் பாதுகாப்பு முகாமைத்துவம்.

எதை வன்முறை என்கிறோம்?

அடி விழுந்தால்தான் சம்பவம், மற்றதெல்லாம் தொழிலோடு வருவது என்று நினைப்பவர்கள் அதிகம். சர்வதேச தொழில் அமைப்பு வேலையிட வன்முறை, தொந்தரவு பற்றி 2019 இல் நிறைவேற்றிய 190 ஆம் இலக்கச் சமவாயம் அப்படிப் பார்க்கவில்லை. உடலுக்கோ, மனதுக்கோ, பாலியல் ரீதியாகவோ, பொருளாதார ரீதியாகவோ தீங்கு விளைவிக்கும் நடத்தையும், அப்படிச் செய்வேன் என்ற மிரட்டலும் அதற்குள் அடங்கும். ஒரு தரம் நடந்தாலும் சரி, திரும்பத் திரும்ப நடந்தாலும் சரி. வேலைக்காகப் போகும் பயணமும், தொலைபேசியிலும் சமூக ஊடகத்திலும் வரும் தொல்லையும் அதில் சேரும். “நீ வீட்டுக்குப் போற வழி எனக்குத் தெரியும்” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால், அது பதிவேட்டில் எழுதவேண்டிய சம்பவம்.

யாரிடமிருந்து வருகிறது என்பதை வைத்து இதை நான்காகப் பிரிப்பது வழக்கம். அலுவலகத்தோடு சம்பந்தமே இல்லாதவர் களவுக்கோ வேறு குற்றத்துக்கோ வருவது ஒன்று. சேவை பெற வந்தவரோ அவரது உறவினரோ செய்வது இரண்டாவது. ஊழியருக்குள் நடப்பது மூன்றாவது. ஊழியரின் குடும்பப் பிரச்சினை, பிரிந்துபோன கணவன் அலுவலக வாசலுக்கு வருவது போல, வேலையிடத்துக்குள் நுழைவது நான்காவது. அரச அலுவலகத்தில் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது வகை, வெளியே வராமல் புழுங்குவது மூன்றாவது வகை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வாசலில் காவலாளி நிற்பதால் மேலதிகாரியின் தொல்லை குறையப்போவதில்லை.

சுகாதாரத் துறையில் நிலைமை இன்னும் கடுமை. சுகாதார ஊழியரில் 8 முதல் 38 வீதம் வரையானோர் தமது பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்த் தாக்குதலும் மிரட்டலும் இந்தக் கணக்குக்கு வெளியே.

ஆத்திரம் எங்கே சேர்கிறது?

காத்திருப்பு முதற்காரணம். ஆனால் நேரத்தின் நீளத்தைவிட, அது தெரியாமல் இருப்பதுதான் ஆளைக் கொதிக்க வைக்கிறது. இரண்டு மணி நேரம் என்று தெரிந்தால் ஆள் தேநீர் குடித்துவிட்டு வருவார். இலக்கத் துண்டு கொடுங்கள். இப்போது எந்த இலக்கம் போகிறது என்பதைப் பலகையில் எழுதுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கவுண்டர் மூடுமா, யார் மாற்று என்பதையும் எழுதுங்கள். ஒப்பமிடும் அதிகாரி கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றால் அதைப் பத்து நிமிடத்துக்குள் வரிசைக்குச் சொல்லவேண்டும். மதியம் வரை இருக்கவைத்துவிட்டுச் சொல்லுமிடத்தில்தான் கதிரை பறக்கிறது.

அடுத்தது குறைந்த ஆவணம். ஒவ்வொரு சேவைக்கும் என்னென்ன வேண்டும் என்ற பட்டியல், மாதிரிப் படிவத்தோடு, வாசலிலேயே இருக்கவேண்டும். கவுண்டருக்குப் பின்னால் ஒட்டிய பட்டியலால் யாருக்கும் பயனில்லை. வாசலில் ஒரு ஊழியரை முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் நிறுத்தி ஆவணம் பார்க்கச் செய்வது, செலவில்லாத வழிகளில் மிகச் சிறந்தது. அன்றைக்குச் செய்ய முடியாதவருக்கு வெறும் “நாளைக்கு வாங்கோ” வேண்டாம். என்ன குறைகிறது, எங்கே எடுப்பது, யாரிடம் திரும்பக் கொடுப்பது என்று ஒரு துண்டில் எழுதி, திகதியிட்டுக் கொடுக்கவேண்டும். அந்தத் துண்டோடு வருபவர் மறுமுறை வரிசையின் கடைசிக்குப் போகக்கூடாது.

மூன்றாவது, தீர்மானம் எடுத்தவர் ஓரிடம், ஏச்சு வாங்குபவர் இன்னோரிடம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசின் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும இதற்கு நல்ல உதாரணம். 2023 இல் கொடுப்பனவு தொடங்கியபோது, 22 சுட்டிகளை வைத்துக் கணினிவழியே தெரிவு நடந்தது. பெயர் விடுபட்டவர்கள் வந்து நின்றதோ பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தரின் வாசலிலும். இப்படியான நேரத்தில் “எனக்குத் தெரியாது, கொழும்பில்தான் கேட்கவேணும்” என்பது உண்மையாக இருந்தாலும் எரிகிற நெருப்பில் எண்ணெய். “இந்தத் தெரிவை நான் மாற்ற முடியாது. மேன்முறையீட்டை இப்பவே எழுதித் தரலாம், பெற்றுக்கொண்டதற்குத் திகதியிட்டுத் துண்டு தருகிறன்” என்பது வழிகாட்டுகிறது. காரணம் எழுத்தில் வேண்டும் என்பவருக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் படிவத்தை நீங்களாகவே எடுத்துக் கொடுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்லவேண்டும். கத்தாமலே பதில் பெற ஒரு வழி உண்டு என்று தெரிந்தவர் கத்துவது குறைவு.

மொழியைத் திருகோணமலையில் தனியாகவே பேசவேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வரிசையில் நிற்கும் மாவட்டம் இது. கிண்ணியாவிலிருந்து வருபவரும் கோமரங்கடவலையிலிருந்து வருபவரும் ஒரே கவுண்டருக்கு வருகிறார்கள். சிங்களமும் தமிழும் நிர்வாக மொழிகள் என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு மற்ற மொழி வராதபோது, சாதாரண “கொஞ்சம் பொறுங்கோ” கூட அவமதிப்பாகக் கேட்கிறது. அதோடு சின்ன வாக்குவாதம் இனப் பிரச்சினையாக மாற இங்கே ஐந்து நிமிடம் போதும். அன்றைக்கு எந்த ஊழியர் இரு மொழியிலும் பேசுவார் என்பதைக் காலையிலேயே கடமைப் பட்டியலில் பெயரோடு குறித்து, அவரது மேசை எது என்று எல்லோருக்கும் தெரியவைக்கவேண்டும். வரிசையில் நிற்கும் வேறொருவரை மொழிபெயர்க்கச் சொல்வது கடைசி வழி. காணி, குடும்பம், கொடுப்பனவு பற்றிய விடயத்தில் அந்த வழியே வேண்டாம்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லவேண்டும். பின்கதவால் ஒருவரை உள்ளே எடுத்தால், அதைப் பார்த்தவரின் ஆத்திரம் நியாயமானது. அவரை அடக்க எந்தப் பயிற்சியும் உதவாது. கர்ப்பிணி, முதியவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு முன்னுரிமை என்றால் அதை எழுதி ஒட்டுங்கள். மற்ற யாருக்கும் இல்லை, ஊழியரின் உறவினருக்கும் இல்லை.

அறையின் அமைப்பு

ஊழியரின் கதிரையிலிருந்து வெளியேறும் கதவுக்குப் போகும் வழியில் சேவை பெறுநர் நிற்கக்கூடாது. இதை இன்றைக்கே உங்கள் மேசையில் இருந்து பார்த்துச் சோதிக்கலாம். பல பழைய கந்தோர்களில் மேசை சுவரோடும், அலுமாரி பின்னாலும், வந்தவரின் கதிரை கதவோடும் இருக்கும். ஊழியர் மூலைக்குள் அடைபட்டிருப்பார். மேசையைத் திருப்பிப் போடுவதற்குச் செலவில்லை.

கவுண்டரின் பலகை, எட்டி அடித்தால் கை படாத அகலத்துக்கு இருக்கவேண்டும். மேலே கத்தரிக்கோல், பஞ்சிங் மெஷின், கண்ணாடிப் பாரம், தேநீர்க் கோப்பை வைக்கவேண்டாம். எறிய வசதியானவை அவைதான். காத்திருக்கும் கதிரைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுங்கள். உயரக் கண்ணாடித் தடுப்புப் போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பதில் ஒரு சிக்கல் உண்டு: குரல் கேட்காமல் இரு பக்கமும் கத்தத் தொடங்குவார்கள். பணம் வாங்கும் காசாளருக்கு அது தேவை. விண்ணப்பம் வாங்கும் மேசைக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

மேசைக்குக் கீழே அழைப்பு மணி பொருத்தினால், அது எந்த அறையில் கேட்கும், கேட்டதும் யார் வருவார் என்று எழுதியிருக்கவேண்டும். மாதம் ஒருமுறை அடித்துப் பார்க்கவேண்டும். மின்கலம் செத்த மணி, மணி இல்லாததைவிட ஆபத்து. மணி இல்லாத சிறு அலுவலகத்தில் ஒரு குறிச்சொல் போதும். “பச்சைக் கோவையைக் கொண்டுவாங்கோ” என்றால் ஒருவர் உடனே வந்து பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது போல. பச்சைக் கோவை என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால் வேறு சொல் பாருங்கள்.

அந்த ஐந்து நிமிடம்

குரல் உயர்ந்துவிட்டது. இப்போது நோக்கம் ஒன்றுதான்: யாருக்கும் காயமில்லாமல் அவர் குரல் இறங்கவேண்டும். யார் சரி என்பதைப் பிறகு பார்க்கலாம்.

பேசுவது ஒருவர் மட்டும். பக்கத்து மேசையில் இருந்து மூன்று பேர் ஆளுக்கொரு நியாயம் சொல்லத் தொடங்கினால் அவர் சூழப்பட்டதாக உணர்வார். கைநீட்டுவது அப்போதுதான். இரண்டு கை நீளமாவது இடைவெளி விட்டு, நேருக்கு நேர் முட்டாமல் சற்றுப் பக்கவாட்டாக நில்லுங்கள். உள்ளங்கை தெரியும்படி கைகள் இடுப்புக்கு மேலே இருக்கட்டும். விரல் நீட்டவேண்டாம், தோளில் தட்டவேண்டாம். அவர் இருந்தால் நீங்களும் இருங்கள்.

முதலில் அவரை முழுதாகச் சொல்ல விடுங்கள். இடைமறிக்காமல் விட்டால் பெரும்பாலானோருக்குச் சில நிமிடத்துக்குள் மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில், உங்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள்: “விடியக் காலமை வெளிக்கிட்டு வந்திருக்கிறீங்கள், மூன்றாவது தரமும் திருப்பி அனுப்புறாங்கள், அதுதானே ஐயா?” அவர் “ஓம்” என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. பிறகு செய்யக்கூடிய இரண்டு வழிகளைக் காட்டித் தெரிவை அவரிடம் விடுங்கள்: “இப்பவே கிராம உத்தியோகத்தருக்குப் போன் பண்ணிப் பார்க்கிறன். இல்லாட்டி இதை இங்கேயே வைச்சிட்டுப் போங்கோ, ஒப்பம் வந்ததும் அறிவிக்கிறம். எது வசதி?” தர முடியாததை வாக்குக் கொடுக்கவேண்டாம். அது அடுத்த சண்டைக்கு இன்றைக்கே போடும் விதை.

எது கெடுக்கிறது என்றும் தெரிந்திருக்கவேண்டும். “முதல்ல கத்தாமல் கதையுங்கோ” என்பது பெரும்பாலும் எதிர்மாறாகவே வேலை செய்யும். சக ஊழியரைப் பார்த்துச் சிரிப்பது, கைத்தொலைபேசியை எடுப்பது, “பொலிஸைக் கூப்பிடட்டா?” என்று மிரட்டுவது எல்லாம் அவருக்குப் பின்வாங்க வழியில்லாமல் செய்துவிடும். பொலிஸைக் கூப்பிடவேண்டுமென்றால் சொல்லாமல் கூப்பிடுங்கள். அவர் தொலைபேசியில் படம் எடுத்தால் பறிக்கப் போகவேண்டாம். பறிக்கும் காட்சிதான் அன்றிரவு முகநூலில் ஓடும். மற்றவர்களின் கோவைகளையும் அடையாள அட்டைகளையும் படத்தில் விழாமல் மூடிவிட்டு, அதே குரலில் தொடருங்கள்.

பேச்சு உதவாது என்பதற்கு உடம்பே அடையாளம் காட்டும். கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமாவது, முஷ்டி இறுகுவது, வெளியேறும் வழியை அல்லது கையில் எடுக்கும் பொருளைத் தேடிக் கண் ஓடுவது, சட்டைக்கையை மடிப்பது, உங்கள் பெயரையோ குடும்பத்தையோ குறித்து மிரட்டுவது. இவற்றில் எது கண்டாலும் விலகிப் போய்விடலாம், போகவும் வேண்டும். கோவையையோ பணப்பெட்டியையோ காப்பாற்ற நிற்கவேண்டாம். பொலிஸ் அவசர இலக்கமான 119 ஐ அழைக்கும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: அலுவலகத்தின் பெயர், வீதி, எந்த வாசல். பிறகு எத்தனை பேர், ஆயுதம் உண்டா, காயம் உண்டா. காயமென்றால் அம்புலன்ஸ் இலக்கமான 1990 இலும் சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் இதே விதிகள்தான், ஆனால் வந்திருப்பவர் பயத்திலும் துக்கத்திலும் இருக்கிறார். விபத்தோ நீரில் மூழ்கிய சம்பவமோ வந்தால் பின்னால் முப்பது பேர் வருவார்கள். உறவினரில் ஒருவரை, ஊழியரில் ஒருவரைத் தொடர்பாளராக்கி, சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அரை மணிக்கொரு தரம் “இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்றாவது போய்ச் சொல்லவேண்டும். மரணச் செய்தியை நடைபாதையில் சொல்லக்கூடாது. தனி அறையில், இருத்தி, இரண்டு ஊழியர், கதவுப் பக்கத்தில் ஊழியரின் கதிரை.

வெளியே போகும் உத்தியோகத்தர்

குடும்ப நல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மின்மானி வாசிப்பவர், கிராம உத்தியோகத்தர் ஆகியோருக்குக் கவுண்டரும் இல்லை, மணியும் இல்லை. அவர்களுக்கு ஒரு நடமாட்டப் பதிவேடு வேண்டும்: எங்கே, எந்த வீட்டு வரிசை, எத்தனை மணிக்குத் திரும்புவார், தொலைபேசி இலக்கம். திரும்பும் நேரம் தாண்டி அரை மணி போனால் அழைக்கவேண்டியவரின் பெயரும் அதில் இருக்கவேண்டும். அந்தப் பெயர் இல்லாத பதிவேடு வெறும் காகிதம். கடை மூடச் சொல்வது, மின்சாரம் துண்டிப்பது, காணி அளப்பது போன்றவற்றுக்குத் தனியாகப் போகக்கூடாது. மோட்டார் சைக்கிளை வெளியேறும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். சாராய வாடை வந்தாலோ, கும்பல் கூடினாலோ, படலைக்கு உள்ளே போகாமல் திரும்புங்கள். திரும்பியதற்காக யாரும் விளக்கம் கேட்கப்படமாட்டார் என்று திணைக்களத் தலைவர் எழுத்தில் தரவேண்டும். அந்தக் கடிதம் இல்லாத இடத்தில் ஊழியர் அன்றைய வேலைக் கணக்கை முடிக்கவேண்டும் என்ற பயத்தில் உள்ளே போகிறார்.

ஊழியருக்குள்

விடுமுறை அனுமதி, மேலதிக நேரக் கொடுப்பனவு, இடமாற்றம், கடமைப் பட்டியல். பெரும்பாலான உள் முரண்பாடு இவற்றில் பிறக்கும். பட்டியல் யாரால், எந்த ஒழுங்கில் போடப்படுகிறது என்பதை ஒட்டிவிட்டால் முறுகல் குறையும். சம நிலையில் உள்ள இருவரின் பிணக்கை ஒரு மூத்தவர் இருத்திப் பேசித் தீர்க்கலாம். ஆனால் மேலதிகாரி கீழுள்ளவரைத் திரும்பத் திரும்ப மட்டம் தட்டுவது பிணக்கல்ல, துன்புறுத்தல். அதற்குச் சமரசப் பேச்சு ஏற்றதல்ல, ஏனென்றால் பலம் குறைந்தவரே அங்கேயும் விட்டுக்கொடுப்பார். அது எழுத்தில் முறைப்பாடாகி, அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் 47, 48 ஆம் அத்தியாயங்கள் சொல்லும் ஒழுக்காற்று வழியில் போகவேண்டும்.

பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். “கந்தோரின் மானம் போகும், பேசித் தீர்ப்போம் தங்கச்சி” என்று அமுக்குபவர் ஒரு குற்றத்தை மறைக்கிறார். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. முறைப்பாடு செய்தவரை இடம் மாற்றுவதும் கூடாது. மாற்றவேண்டியிருந்தால் மாறவேண்டியவர் மற்றவர்.

நடந்த பிறகு

முதலில் காயத்தைப் பாருங்கள். அடிபட்டவரை அன்று கவுண்டருக்குத் திருப்பி அனுப்பாதீர்கள், வீட்டுக்குத் தனியாகவும் விடாதீர்கள். காயம் சிறிதென்றாலும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைப் பெற்று, அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் வீக்கமும் கண்டலும் மாறிவிடும், வழக்கில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் 183 ஆம் பிரிவிலும், கடமையைத் தடுக்கத் தாக்குவது 344 ஆம் பிரிவிலும் வருகிறது. கடமையில் இருந்தபோது நடந்தது என்பதைக் காட்ட அன்றைய வரவுப் பதிவேட்டின் பிரதியும் கடமைப் பட்டியலும் வேண்டும். முறைப்பாட்டை அலுவலகத் தலைவரே கூடச் சென்று செய்யவேண்டும். பாதிக்கப்பட்டவரைத் தனியாக அனுப்பினால், மாலைக்குள் இரு பக்கத்துக்கும் தெரிந்த ஒருவர் வந்து சமாதானம் பேசிவிடுவார்.

சம்பவப் பதிவேட்டில் நேரம், இடம், யார் யார், சொன்ன வார்த்தைகள் அப்படியே, யார் என்ன செய்தார், சாட்சி, பின்னர் எடுத்த நடவடிக்கை என்று எழுதுங்கள். “தகாத வார்த்தை பேசினார்” என்று நாகரிகமாக எழுதினால் அது எதையும் நிரூபிக்காது. கூசினாலும் சொன்ன சொல்லையே எழுதவேண்டும். அடி விழாமல் தப்பிய சம்பவங்களையும் எழுதுங்கள், அவைதான் அடுத்ததை முன்கூட்டிச் சொல்பவை.

மனதைப் பொறுத்தவரை ஒரு பிழையை நல்லெண்ணத்தோடு செய்கிறோம்: எல்லோரையும் கூட்டி வைத்து, நடந்ததை ஒருமுறை முழுதாகச் சொல்ல வைப்பது. இந்தக் கட்டாய மீள்பேச்சை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் விடுங்கள். இரண்டு மூன்று நாளிலும், இரண்டு வாரம் கழித்தும் ஒருமுறை விசாரியுங்கள். தூக்கமில்லை, அலுவலகத்துக்கு வரக் கால் எழும்பவில்லை என்றால் உளநல உதவி இலக்கம் 1926 உண்டு.

மாதக் கடைசியில் அந்தப் பதிவேட்டை எடுத்து, சம்பவங்களைத் திகதி வரிசையில் பார்க்காமல் நேர வரிசையில் அடுக்கிப் பாருங்கள். அவை பதினொன்றரைக்கும் ஒரு மணிக்கும் இடையே குவிந்திருந்தால், அந்த நேரத்தில் எந்த மேசை காலியாகிறது, யார் சாப்பிடப் போகிறார், எந்த ஒப்பம் காத்திருக்கிறது என்று தேடுங்கள். காசாளரின் சாப்பாட்டு நேரத்தை அரை மணி தள்ளி வைப்பதோ, ஒப்பமிடும் அதிகாரத்தை அந்த ஒரு மணி நேரத்துக்கு உதவிப் பிரதேச செயலாளருக்குக் கொடுப்பதோ போதுமாக இருக்கலாம். அடுத்த மாதப் பதிவேட்டில் அந்த இடைவெளியில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணினால், மாற்றம் வேலை செய்ததா என்பது தெரியும்.